மூன்று முறை ஹார்ன்

பறிமுதல் வண்டிகளை நிறுத்தி வைக்கும் அந்த மைதானத்துக்கு நாங்கள் போனபோது உச்சி வெயில். பேய்க்கு அது நேரமே இல்லை. அதனால்தான் தைரியமாகப் போனேன்.

நான் வக்கீல் குமாஸ்தா. கூட வந்தவன் எங்கள் கட்சிக்காரன், ரொட்டி வேன் ஓட்டுபவன். எல்லோருக்கும் அவன் ‘சாது’. ஒரு விடியற்காலையில் பால் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு அம்மாள்மீது வேனை ஏற்றிவிட்டான். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. இவனுக்கு இரண்டு வருஷம் சிறை. மேல்முறையீடு முடியும்வரை ஜாமீன். மறுநாள் விசாரணை. வீட்டில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம்.

“அண்ணே, குழந்தை முகத்தைப் பாத்துட்டு உள்ள போனாக்கூடப் போதும்ணே.”

“வாயைக் கழுவு. நீ எங்கயும் போகமாட்டே.”

அப்படி அடித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேல்முறையீட்டு மனுவில் நான்காவது பத்தியை எழுதியது நான். ‘மூன்று முறை ஹார்ன் அடித்தும் அந்தப் பெண் கவனிக்காமல் குறுக்கே வந்தார்.’ உண்மையில் அவன் ஹார்னைத் தொடவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு வந்தான்; என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். செத்தவங்க வந்து மறுக்கவா போறாங்க என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன்.

வேனின் முன்பக்க நசுங்கலைப் படம் எடுத்துவரச் சொல்லியிருந்தார் வக்கீல். காவலாளி கைகாட்டிவிட்டு, “வண்டி வந்த வாரமே பேட்டரியை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். வெறும் கூடுதான்” என்றார்.

குனிந்து படம் எடுத்தேன். பால் வாசனை. புளித்த வாடை இல்லை, அப்போதுதான் பாக்கெட்டைக் கிழித்தது மாதிரி. அந்த வண்டி மூன்று வருஷமாக வெயிலில் கிடக்கிறது.

“அண்ணே, போயிடலாம்ணே.” சாதுவின் உதடு வெளுத்திருந்தது.

பத்தடி நடந்திருப்போம்.

பின்னால் ஹார்ன் அடித்தது.

ஒரு முறை.

இரண்டு முறை.

மூன்று முறை.

காவலாளி அலட்டிக்கொள்ளாமல் பல் குத்திக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நீதிமன்றம். ஜன்னல்கள் சாத்திய அறை. நீதிபதி மனுவைப் புரட்டி, நான்காவது பத்தியில் விரலை வைத்தார்.

“மூணு முறை ஹார்ன் அடிச்சதா சொல்றீங்க. யாருக்குக் கேட்டது?”

அதற்குப் பதில் வந்தது, என் காதுக்குப் பக்கத்தில்.

பாம்.

வக்கீலின் பேனாகூட அசையவில்லை. சாது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டாவது சத்தத்துக்கு அவன் எழுந்து நின்றான்.

மூன்றாவது வருவதற்குள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

“ஐயா, நான் அடிக்கலை. போனைப் பாத்துட்டு வந்தேன். அந்த அம்மா மேல தப்பே இல்லை.”

அன்று மாலையே தண்டனை உறுதியானது. அந்தப் பத்தியை எழுதியது யாரென்று கடைசிவரை அவன் வாய் திறக்கவில்லை. அழைத்துப் போகும்போது மட்டும் என் அருகில் நின்று கிசுகிசுத்தான்.

“அண்ணே, எனக்கு இப்ப கேக்கலை. நின்னுடுச்சு. உங்களுக்கு?”



நான்காம் நாள் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி. பழைய வழக்குக் கட்டுகள் வைத்திருக்கும் அறைக்குள் நான் போகும்போதெல்லாம் பின்னால் ஹார்ன் அடிக்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவேன். பால் வாசனை என்னைக் கடந்து போகும்.

இன்றைக்கும் வழி விட்டேன்.

அது போகவில்லை. பக்கத்திலேயே நிற்கிறது.