இடதுபக்கம் மட்டும் தேய்ந்த ரப்பர்

டப்பென்று வெடித்த சத்தத்தில் அவள் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கால்விரலில் விழுந்தது.

“பின்னாடி பட்டாசு கட்டித் தொங்க விட்டிருக்கீங்களா?”

மழையில் தொப்பலாக நனைந்தபடி, வாசலில் வெடித்து நின்றுபோன பைக்கை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தான் ஒருவன். எதிர்த்தெருவில் புதிதாக மூக்குக்கண்ணாடிக் கடை போட்டிருப்பவன். நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதிக்கிறவன், அவள் கண்களைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்து நின்றான்.

“மெக்கானிக்... இல்லையா?”

“முன்னாடிதான் நிக்கிறேன். கண்ணு டெஸ்ட் பண்றவருக்கே கண்ணு தெரியலையா?”

உள்ளே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அப்பா, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கார்புரேட்டர் முழுக்க அழுக்கு. அவள் கழற்றிச் சுத்தம் செய்ய, அவன் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது... சீட்டைத் தூக்கும்வரை. அடியில் ஒரு நீல ஹேர்பின் கிடந்தது. பின்சீட்டின் ஃபுட்ரெஸ்ட்டைப் பார்த்தாள். இடதுபக்க ரப்பர் மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்து, தினமும் வருகிறவள் ஒருத்தி இருக்கிறாள்.

முகம் தெரியாத அந்த ஒருத்தியை நினைத்து வயிறு பற்றி எரிந்தது. அவள் இவன் தோளில் கை வைத்திருப்பாளா... இடுப்பிலா? கேட்டுத் தொலையேன்டி. ஊஹூம், நான் ஏன் கேட்கணும்? ஹேர்பின்னைப் பாக்கெட்டில் திணித்தாள். கார்புரேட்டரைப் படபடவென்று மாட்டினாள்.

“ஆச்சு. பத்திரமா போங்க... ரெண்டு பேரும்.”

எந்த ரெண்டு பேர் என்று புரியாமலே அவன் போனான்.

மறுநாள் தெருமுனையிலேயே கேட்டது. டப்... டப்.

“நாம கைவெச்ச வண்டி அதே கோளாறோட திரும்பி வந்ததில்லையேம்மா,” என்றார் அப்பா. மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார்.

அவள் குனிந்து பார்த்தாள். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் கிளிப் லொடலொடவென்று தொங்கியது. அந்த இடைவெளியில் காற்றை இழுத்துத்தான் வண்டி வெடிக்கிறது. நேற்று முடுக்க மறந்தது அவளேதான்.

“என் தப்புதான்... நேத்து கவனம் இங்க இல்ல.”

“எங்க இருந்துச்சு?”

ஹேர்பின்னை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். “இவங்ககிட்ட.”

அவன் புரட்டிப் பார்த்தான். புரிந்தபோது கண்கள் முதலில் சிரித்தன.

“வண்டி போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வித்தவர் பேரன் பேத்தி எடுத்தவரு. அவரோட சம்சாரத்துதா இருக்கும். பின்சீட்டுல நான் இன்னும் யாரையும் ஏத்தல.”

அவள் காது மடல் சுட்டது. யாரோ ஒரு தாத்தாவின் சம்சாரத்தை நினைத்தா ராத்திரி முழுக்கப் புரண்டோம்?

“கிளிப் லூசா இருக்கிறதை நானும் பார்த்தேன்,” என்றான் மெல்ல. “தினம் கண்ணாடி ஃபிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கற கை. ஒரு நிமிஷ வேலை.”

“அப்புறம் ஏன் ஊரே திரும்பிப் பார்க்க ஓட்டிட்டு வந்தீங்க?”

“முடுக்கிட்டா இங்க வர சாக்கு ஏது? எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவள் கிளிப்பை இறுக்கினாள். கிக்கரை உதைத்தாள். இன்ஜின் பிசிறில்லாமல் ஓடியது.

“எனக்கும்தான்,” என்றாள், இன்ஜினைப் பார்த்தபடியே. “இல்லாட்டி கிளிப்பை மறக்கற ஆளா நான்?”

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“ட்ரையல் பார்க்கணும். ஏறுங்க... ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்க. இடதுபக்க ரப்பர் ஏற்கெனவே தேஞ்சு கிடக்கு.”