குண்டுக் கிடங்கில் மூன்று பேர்

காளான் வளர்க்க இருட்டும் ஈரமும் குளிரும் வேண்டும். மூன்றும் ஓசியில் கிடைக்கும் இடம் ஒன்று கூடலூர் ரோட்டு எஸ்டேட்டில் வாடகைக்கு வருகிறது என்று என் மனைவி மருதாம்பாள் கண்டுபிடித்துவிட்டாள். வெடிமருந்து ஃபேக்டரியில் இருந்து நான் ரிட்டயர் ஆன மறுமாதமே, என்னைக் காரோட்டச் சொல்லிக் கூட்டிப்போனாள். சும்மா உட்கார்ந்திருக்கும் புருஷனை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

மத்தியானம்தான். ஆனாலும் பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை.

"இதெல்லாம் அப்ப ஏரோப்ளேன் எறங்கற மைதானமுங்க," என்றான் எஸ்டேட் வாட்ச்மேன் வேலன். "யுத்தத்தப்ப மலையைச் செதுக்கி, பெரிய பெரிய குண்டு ப்ளேனெல்லாம் நிறுத்தியிருந்தாங்களாம். பர்மாப் பக்கம் குண்டு போடப் போகும். திரும்பி வர்றப்ப இந்த மிஸ்ட்டுல தரை தெரியாம மலையில மோதும். சண்டை முடியறதுக்குள்ளயே எல்லாத்தையும் மூடிட்டாங்க."

மிச்சம் இருந்தது, மேட்டுக்குள் பாதி புதைந்த அந்தக் குண்டுக் கிடங்குதான். ஒரே இரும்புக் கதவு. ஜன்னல் கிடையாது.

"ஒரு நாள் உள்ள குண்டு புகைஞ்சிருக்குதுங்க. மூணு கூலியாளுங்க உள்ள இருக்கறப்பவே வெள்ளைக்கார ஆபீசர் கதவைச் சாத்திட்டாராம். வெளியில ப்ளேன் நின்னுச்சுல்லங்க."

வேலன் பூட்டைத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கதவுக்கு மேல் மங்கிய வெள்ளைப் பெயின்டில் 3 என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஃபேக்டரியிலும் மருந்து இருக்கும் கட்டிடம் ஒவ்வொன்றிலும் இப்படித்தான் எழுதியிருக்கும். அத்தனை பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. வெடித்தால் அவர்களோடு போகட்டும் என்ற நல்லெண்ணம். இன்னொருவர் போக வேண்டுமென்றால் வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து ஒருவர் வந்த பிறகுதான் நுழையலாம்.

பழக்க தோஷம் விடுமா? மருதாம்பாள் காரில் சூடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டுமே என்று, வேடிக்கைக்காகத்தான், கத்தினேன்.

"ஒரு ஆள் வெளிய வாங்க! நான் வர்றேன்!"

ஏதோ ஒன்று என் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. கருகிய நாற்றம் அடித்தது.

அதற்குள் நான் உள்ளே கால் வைத்துவிட்டேன்.

திரும்பினேன். கதவு திறந்தேதான் இருந்தது. நிலையைத் தாண்டக் காலைத் தூக்கினேன். கால் உள்ளேயே விழுந்தது.

மறுபடி தூக்கினேன்.

உள்ளேயே விழுந்தது.

முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் மூச்சு விட்டார்கள்.

"இனி ஒருத்தர் உள்ள வந்தாத்தான் ஒருத்தர் போக முடியும்," என்று காதோரம் ஒரு குரல் கிசுகிசுத்தது.

மருதாம்பாள் தட்டில் சூடத்தோடு வந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் நடந்து வந்தான். என் ஸ்வெட்டர். என் மப்ளர். என் முகம்.

அவள் வலது காலைத் தூக்கி நிலையைத் தாண்டப் போனாள். நான் கத்தினேன்.

"வராத புள்ள! உள்ள வராத!"

அவள் காலை அப்படியே நிறுத்தினாள். எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இந்த எடம் வேண்டாம். வா, ஊட்டுக்குப் போலாம்," என்றான் அவன். குரலும் என்னுடையதுதான்.

இருட்டை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு அவள் அவனோடு போனாள். வேலன் பூட்டினான்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் போனதென்று தெரியாது. பசி இல்லை, தூக்கம் இல்லை. இருட்டுகூடப் பழகிவிட்டது. ஆனால் அவள் அந்த ஆளுக்குச் சோறு போடுவாள் என்று நினைக்கும்போதெல்லாம் பூட்டிய கதவைப் போய்த் தள்ளிப் பார்த்தேன்.

இன்று வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நடை எனக்குத் தெரியாதா? தனியாகத்தான் வந்திருந்தாள்.

"ஏனுங்க…" கதவில் வாயை வைத்து மெதுவாகக் கூப்பிட்டாள். "உள்ள இருக்கறீங்களா? ஊட்டுல இருக்கறது நீங்க இல்லீங்க. கொழம்புல உப்பே போடாம வெச்சுப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லாம சாப்புடறான்."

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு சத்தம் கேட்டால் போதும், உள்ளே வந்துவிடுவாள். கண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது.

"பேச மாட்டீங்களா?" அவள் குரல் உடைந்தது. "செரி. வேலன்கிட்டச் சாவி வாங்கிட்டுத்தான் வந்திருக்கறனுங்க. நானே வந்து பாத்துக்கறேன்."

பூட்டுக்குள் சாவி திரும்பியது.

அந்த இரண்டு பேரும் என்னை ஒதுக்கிவிட்டு, வாசலில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.