பக்கம் பதினாலில் ஒரு கொலை

செத்தவனின் பாக்கெட்டில் செல்போன் அடித்தது.

ஒருமுறை... இருமுறை...

மூன்றாவது முறை அடித்தபோது இன்ஸ்பெக்டர் ஜெயராணி குனிந்து, கையுறை போட்ட விரல்களால் அதை உருவினாள்.

திரையில் 'ஆசிக் மெக்கானிக்'.

ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, கடலூர் சிப்காட்ல மச்சான்கிட்ட கோணமானி இரவல் வாங்கிட்டேன். பஸ் ஏறிட்டேன். பத்து மணிக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் பிளேடு மேல கை வெக்காதீங்க."

ஜெயராணி ஏட்டு பழனிவேலைப் பார்த்தாள். பழனிவேல் தரையைப் பார்த்தார். தரையில் கிடந்த மாமாவுக்குத் தலை பாதிதான் தலை மாதிரி இருந்தது.

"எந்த பிளேடு தம்பி?"

மறுமுனை திகைத்தது. "யாருங்க? மாமா இல்லியா?"

"இருக்காரு. பேச முடியாது. நீ வா."

புவனகிரியிலிருந்து சிதம்பரம் போகும் சாலைக்கு உள்ளே, உளுந்து பிடுங்கிய வயலில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். டூவீலருக்குச் சிறகு முளைத்த மாதிரி. மூக்கில் ப்ரொப்பெல்லர். மூன்று கறுப்பு இறக்கைகள். ஒன்றின் நுனியில் ரத்தம்.

நேர்கீழே பைலட் அறிவழகன். வயது முப்பத்து நாலு. இனி அதுவேதான்.

கொட்டகை வாசலில் பதினைந்தடி ஃப்ளெக்ஸ். 'விண்ணை அளந்த வேங்கையே!' அதில் கைகட்டி நின்றவர் நேரிலும் கைகட்டி நின்றார். வெள்ளைச் சீருடை. தோளில் நாலு தங்கப் பட்டை. காலை ஏழரை மணிக்குக் கறுப்புக் கண்ணாடி.

"நான்தான் உங்களுக்கு போன் பண்ணேன். கேப்டன் தேவநாதன்."

"தெரியுது. ஃப்ளெக்ஸ்ல எழுதியிருக்கு."

"தில்லை ஏரோ கிளப் நிறுவனர். ரெண்டாயிரம் மணி நேரம் பறந்திருக்கேன்."

"எறங்கி எவ்வளவு நேரமாச்சு?"

கேப்டன் அதை ரசிக்கவில்லை. "இது ஆக்ஸிடெண்ட் மேடம். மெக்கானிக் பையன் சுவிட்சை ஆஃப் பண்ணாம போயிட்டான். அறிவு ப்ரொப்பெல்லரைக் கையால சுத்தியிருக்கான். என்ஜின் புடிச்சிடுச்சி. பையனைத் தூக்கி உள்ள போடுங்க. ஞாயித்துக்கெழம எனக்குப் பாராட்டு விழா. சிதம்பரம் கீழவீதி மேல பறந்து நானே பூ தூவறேன். அதுக்குள்ள முடிச்சிடுங்க."

"எதை? சாவையா, விழாவையா?"

பத்து மணிக்கு ஆசிக் வந்தான். பரங்கிப்பேட்டைக்காரன். இருபத்தாறு வயது. ஸ்ட்ரெச்சரில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தான். வயலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் விமானத்தைப் பார்த்தான்.

எழுந்துவிட்டான்!

"மேடம்... ப்ரொப்பெல்லரை யாரு மாட்டினது?"

"மெக்கானிக் நீதானே?"

"நேத்து சாயங்காலம் மூணு பிளேடையும் கழட்டி அந்தப் பெட்டியில வெச்சிட்டுத்தான் போனேன். கார்பன் ஃபைபர் மேடம். மூணும் ஒரே கோணத்துல உக்காரணும். அரை டிகிரி தப்பினாலும் வண்டி ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். என் கோணமானி கெட்டுப்போச்சு. அதான் கடலூர் போனேன்."

"பெட்டியில இருந்தது தானா எழுந்து வந்து மாட்டிக்கிச்சா?" என்றார் பழனிவேல்.

"அதத்தான் நானும் கேக்கறேன் சார்."

"நடிப்பு," என்றார் கேப்டன். "சினிமாவுக்குப் போக வேண்டியவன். விலங்கு போடுங்க."

பழனிவேல் விலங்கை எடுத்தார். ஆசிக்கின் செல்போன் அடித்தது. எடுத்தவன் நாலு வார்த்தை கேட்டான். போனைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தான்.

"என் சம்சாரம் நௌஷீன். எட்டு மாசம். போலீஸ் புடிச்சிடுச்சாமேன்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

"அரை மணி கழிச்சு சொல்லு," என்றாள் ஜெயராணி. "அதுக்குள்ள எனக்கு எதாவது சொல்லு."

ஆசிக் இறக்கைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். தொடவில்லை. பார்த்தான்.

"மேடம், ஓடற பிளேடு தலையில அடிச்சா தலையும் போகும், பிளேடும் செதறும். இதுல ஒரு கீறல் இல்ல. ரத்தம் மட்டும் இருக்கு. யாரோ தடவியிருக்காங்க."

ஜெயராணியின் கண்கள் சுருங்கின.

"இன்னொண்ணு. மூணுமே தப்பா மாட்டியிருக்கு. பிளேடுக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. மேடு முன்னாடி பாக்கணும். இதுல தட்டை பாக்குது, கோணமும் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு. காத்து முன்பக்கமா அடிக்கும். வண்டி பின்னாடி போகும்."

"பேத்தல்!" கேப்டன் குறுக்கே வந்தார். "காலையில நானே செக் பண்ணேன். ஃபிட்டிங் பெர்ஃபெக்ட்."

"எழுதித் தரீங்களா?"

"தாராளமா."

தந்தார். தங்க நிறப் பேனா. கையெழுத்துக்கு முன்னால் 'கேப்டன்'. கீழே 'விமானவியல் வல்லுநர்'.

தடயவியல்காரர்கள் ரத்தமும் ரேகையும் எடுத்து முடித்ததும் ஜெயராணி சொன்னாள். "ஓட்டிப் பாத்துடலாம்."

"ஒரு நிமிஷம் மேடம்," என்ற ஆசிக் பெரிய ரெஞ்ச் ஒன்றை எடுத்தான். "எவனோ கைக்கு வந்தபடி இறுக்கியிருக்கான். இப்படியே ஓட்டினா பிளேடு கழண்டு நம்மளத் தேடி வரும்."

அது சரியான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் ரெஞ்ச். ஆறு போல்ட். ஆறு 'டிக்'.

ஆசிக் ஏறி உட்கார்ந்தான். என்ஜின் உறுமியது.

கிளப் உறுப்பினர்கள், இரண்டு நிருபர்கள், போலீசார்... எல்லோரும் விமானத்தின் முன்பக்கம் பார்த்தார்கள்.

விமானம் பின்பக்கம் போனது!

இரண்டடி... நாலடி... பத்தடி... முன்னால் எழுந்த புழுதியில் கேப்டனின் தொப்பி பறந்தது. ஃப்ளெக்ஸில் இருந்த வேங்கையின் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வால் உள்ளே நுழைந்தது. நின்றது.

என்ஜின் அணைந்தது. ஒரு நிருபர் சிரித்தார். அது பரவியது. பழனிவேல் கூடத் திரும்பி நின்று இருமினார்.

ஜெயராணி சிரிக்கவில்லை.

"எழுதிக்குங்க பழனிவேல். இது கொலை. கொன்னவன் யாருன்னு தெரியல. ஆனா விமானத்தைப் பத்தி ஆனா ஆவன்னா தெரியாத தற்குறி."

"எந்த 'ற' மேடம்?"

"வல்லினம். அழுத்தி எழுதுங்க."

மறுபடியும் சிரிப்பு. கேப்டனின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. கையெழுத்துப் போட்ட காகிதம் ஜெயராணியின் கையில் ஆடியது. நிருபரின் கேமரா அவர் பக்கம் திரும்பியது.

"மேனுவலப் பாத்து மாட்டினவன எப்படிங்க தற்குறின்னு சொல்வீங்க?"

சிரிப்பு நின்றது.

"மேனுவலா?" என்றாள் ஜெயராணி, மிக மெதுவாக.

"பதினாலாம் பக்கம்! படத்துல தட்டைப் பக்கம் வெளியிலதான் இருக்கு. படம் போட்டவன் தப்பு பண்ணா, மாட்டினவன் என்ன பண்..."

நிறுத்திவிட்டார்.

தாமதமாக.

பழனிவேல் டூல் பாக்ஸிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பதினாலாம் பக்கத்தைப் புரட்டினார். ஓரத்தில், காய்ந்த பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

ஆசிக் எட்டிப் பார்த்தான். கேப்டன் பக்கம் திரும்பினான். "இது என்ஜின் பின்னாடி இருக்கற வண்டிக்கு சார். நம்ம வண்டிக்கு அடுத்த பக்கம். நீங்க இன்னும் ஒரு பக்கம் திருப்பியிருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்."

கேப்டன் பெட்டி மேல் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி கழன்றது. உள்ளே சாதாரணமான, பயந்த கண்கள்.

"ஞாயித்துக்கெழம பறக்க மாட்டேன்னுட்டான்."

"உங்க விழாவுல அவரு எதுக்குப் பறக்கணும்?"

"ரெண்டு வருஷமா அவன்தான் பறக்கறான். என் யூனிஃபார்ம போட்டுக்கிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு... சவுக்குத் தோப்புக்குப் பின்னாடி எறக்குவான். நான் அங்க மாறி உக்காந்துக்கிட்டு தரையிலயே உருட்டிக்கிட்டு, கையாட்டிக்கிட்டு வருவேன். எனக்கு ஒசரம்னா மயக்கம் வரும் மேடம். அவனத் தவிர யாருக்கும் தெரியாது. நேத்து, விழா மேடையில மைக்ல சொல்லிடுவேன்னான். காலையில கெஞ்சினேன். சிரிச்சான். கையில கம்பி இருந்துச்சு... அப்புறந்தான் பாக்கறேன், வண்டியில ப்ரொப்பெல்லரே இல்ல."

கிழிந்த ஃப்ளெக்ஸ் படபடத்தது.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஜெயராணி. "ஆசிக், நீ வீட்டுக்குப் போலாம்."

அவன் நகரவில்லை. "மாமாவ எந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனாங்க மேடம்?"

சொன்னாள். கோணமானியை விமானத்தின் இருக்கையில் வைத்துவிட்டு சாலையை நோக்கி நடந்தான்.

ஜீப்பில் பழனிவேல் பேனாவைக் கடித்தார்.

"பேரு, ஊரு எழுதிட்டேன் மேடம். தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. பைலட்டுன்னு போட முடியாதே. என்ன போடறது?"

"கொலைன்னு போடுங்க. மனுஷன் ஆள் வெக்காம செஞ்சது அது ஒண்ணுதான்."