கோட்டைக் கதவைத் திறந்தவன்

இப்படி நகர்ந்து வந்து உட்காருங்கள், கண்ணுகளா. முழங்கால் இடித்தால் பரவாயில்லை. நண்பனைக் காட்டிக்கொடுத்த ஒருவனின் கதை வைத்திருக்கிறேன். முழுசாகக் கேளுங்கள். அப்புறம் அவனைத் திட்டுவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சிட்டு, பஞ்சு என்று இரண்டு தோழிகள். பள்ளி விடுமுறை வந்தால் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் பையன்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பார்கள். வீரன் தீப்பொறிக்குப் பஞ்சுவின் குரல். அவனுடைய உயிர் நண்பன் சாம்பலுக்குச் சிட்டுவின் குரல்.

அன்றைக்கு முக்கியமான காட்சி. சாம்பல் நண்பனை ஏமாற்றி, கோட்டைக் கதவை எதிரிகளுக்குத் திறந்துவிடுகிறான். "யார் திறந்தது?" என்று தீப்பொறி கேட்பான். "நான்தான்" என்று சொல்லிச் சாம்பல் சிரிக்க வேண்டும்.

பதிவு அறைக்குள் சிட்டு தனியாக நின்றாள். காதில் ஹெட்போன், முன்னால் மைக், எதிரே திரை. சிரித்துப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் தலையை ஆட்டினார். "பேய் சிரிக்கிற மாதிரி இருக்கும்மா. இன்னொரு தடவை."

மறுபடி சிரித்தாள்.

"இப்போ ஜலதோஷம் பிடிச்ச பேய்."

"சார், அவன் எதுக்கு இப்படிப் பண்றான்?"

"அவன் வில்லன். வில்லன் வேற என்ன பண்ணுவான், ஊஞ்சலா ஆடுவான்?" டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் இதை அனுப்பியாகணும். டீ குடிச்சிட்டுப் பார்ப்போம். அப்பவும் வரலைன்னா வேற பிள்ளையைத்தான் கூப்பிடணும். கோவிச்சுக்காதே."

ஒரு வருஷமாகச் சிட்டுதான் சாம்பல்.

அந்தப் பக்கம் பேசுவது ஹெட்போனில் கேட்பதற்கு ஒரு சுவிட்சு உண்டு. டைரக்டர் அதை அணைக்க மறந்துவிட்டார்.

"சார்." அது பஞ்சுவின் குரல். "அவளுக்கு ரெண்டு நாளா இருமல். தொண்டை கட்டிக்கிச்சு. உங்ககிட்ட சொல்லாதேன்னு சொன்னா. வேற யாரையாவது பாருங்க."

"அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா?"

சிட்டுவுக்கு இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை. காது மடல் சுட்டது. வெளியே போய், எல்லார் முன்னாலும் பொய்க்காரி என்று கத்த வேண்டும் போல இருந்தது. கதவின் கைப்பிடியில் கையும் வைத்துவிட்டாள்.

ஹெட்போன் இன்னும் காதில்தான் இருந்தது. ஒலிப்பதிவைக் கவனிக்கும் சவுண்டு அக்கா, அவள் பழகுவதற்காக அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார். தொடரின் அசல் மொழியில் சாம்பலின் குரல். சிரிப்புக்கு முன்னால் ஏதோ கேட்டது. சின்னதாக, மூச்சு தொண்டையில் சிக்குகிற சத்தம்.

சிட்டு கையை எடுத்தாள்.

"அக்கா, இதுக்கு முந்தின காட்சியைப் போடுங்களேன்."

"எல்லாரும் உன்னை மாதிரி கேட்டா நான் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்," என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா போட்டார்.

தீப்பொறிக்கு அரசர் பதக்கம் சூட்டுகிறார். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அவன் காலணிகள் கழன்று விழுகின்றன. சாம்பல் குனிந்து எடுக்கிறான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெரு காலியான பிறகும் அவன் காலணிகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

சிட்டு கண்ணாடி வழியே பார்த்தாள். பஞ்சுவின் தோளில் அவள் பை. நெஞ்சோடு அணைத்தபடி இன்னொரு பை. அது சிட்டுவுடையது. உள்ளே போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. பக்கத்தில் சோபா காலியாகக் கிடந்தது. இருந்தும் பஞ்சு அதைக் கீழே வைக்கவில்லை.

நேற்று டைரக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "அடுத்த தொடருக்கும் சிட்டுதான்." பஞ்சுவும் அங்கேதான் நின்றாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் சிட்டு வழியெல்லாம் புதுத் தொடரைப் பற்றியே பேசினாள். பஞ்சு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

சிட்டுவின் கோபம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பாதி இருந்தது. ஆனால் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

"சார், பஞ்சுவையும் உள்ளே அனுப்புங்க. அவ நேர்ல கேட்டாத்தான் எனக்குப் பதில் சொல்ல வரும்."

"உன் தொண்டை?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்லை சார்."

பஞ்சு தலை குனிந்துகொண்டாள்.

டைரக்டர் யோசித்தார். "ஒரே மைக்ல ரெண்டு பேரா? ஒருத்தி தடுமாறினா ரெண்டு பேர் குரலும் வீண். ஒரே ஒரு தடவைதான் பார்ப்பேன்."

பஞ்சு உள்ளே வந்தாள். இரண்டு பைகளையும் கதவோரம் மெதுவாக வைத்தாள். சிட்டுவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"யார் திறந்தது?" பஞ்சுவின் குரல் நடுங்கியது. நடிப்பு என்று டைரக்டர் நினைத்துக்கொண்டார்.

சிட்டு திரையைப் பார்க்கவில்லை, பஞ்சுவைப் பார்த்தாள். மூச்சு சிக்கியது.

"நான்தான்."

சிரிப்பு வந்தது. பாதி வழியில் அது உடைந்து வேறு ஏதோ ஆனது.

விளக்கு அணைந்தது. டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது பேய் இல்லை," என்றார். "இது ஒரு பையன்."

சவுண்டு அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பஞ்சு மட்டும் அசையாமல் நின்றாள். "சிட்டு, உனக்கு இருமல்னு சொன்னது நான்தான்."

"தெரியும். சுவிட்சு போட்டே இருந்துச்சு."

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டே?"

"வெளியே நின்னப்போ என் பையை நீ கீழே வைக்கவே இல்லையே."

பஞ்சுவின் கண் நிறைந்தது. "நீ புதுத் தொடருக்குப் போயிட்டா என்னை மறந்துடுவியோன்னு நினைச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக டைரக்டரிடம் போனாள். "சார், நான் சொன்னது பொய்."

டைரக்டர் அவளைப் பார்த்தார். சுவிட்சையும் பார்த்தார். "பொய்யை ஒத்துக்கிட்டே, சரி. இனிமே வேண்டாம். நானும் முதல்ல இந்தச் சனியனை அணைக்கப் பழகணும்."

திரும்பும்போது பஸ்ஸில் சிட்டு சொன்னாள், "புதுத் தொடர் நாள்ல நீ சாயங்காலம் ஸ்டுடியோ பஸ் ஸ்டாப்புக்கு வந்துடு."

"வந்து?"

"வீடு வரைக்கும் என் பையைத் தூக்கிட்டு வா."

"அப்போ ஜன்னல் சீட்டு எனக்கு."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் எந்தப் பேயும் இல்லை.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக்குள் எந்தக் கோபம் வந்தாலும் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் போகட்டும். சேர்ந்து வெளியே போன பிள்ளைகள், பொழுது சாயும் முன் சேர்ந்தே வீடு திரும்பட்டும்.