மூன்றாம் நாள் கதவு

காலை ஆறரை மணிக்குப் பாளையங்கோட்டை நாக்கை நீட்டியது. அவரவர் குளியலறையில், அவரவர் உடற்கண்ணாடிக்கு முன்னால், நீதிபதி முதல் கறிக்கடைக்காரர் வரை எல்லாரும் நீட்டினார்கள். "இன்னும் கொஞ்சம்... வெக்கப்படாதீங்க, நான் டீச்சர்தானே" என்றது கண்ணாடிக்குள்ளிருந்த குரல். நீட்டாதவர்களை அன்று எந்தப் பேருந்தும் ஏற்றிக்கொள்ளாது.

ஜெபராணியும் நீட்டினார்.

"நாக்கு வறண்டிருக்கே. தண்ணி குடிக்கிறதே இல்லையா? இந்த வயசுல நம்ம உடம்ப நாமதான் பாத்துக்கணும், சரியா?"

"சரி டீச்சர்" என்றார் ஜெபராணி. பதில் சொல்லாவிட்டால் அது மறுபடியும் கேட்கும்.

முப்பத்துநான்கு வயதுக் குரல் அது. கண்டிக்கும்போதுகூட ஓரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அறுபத்தெட்டு வயது ஜெபராணிக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் ஓர் அறை விடலாம் போலிருக்கும். விட வழியில்லை. அது அவருடைய சொந்தக் குரல்.

முதலில் அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கை கழுவுவதைப் பற்றி அவர் கட்டிய பாட்டு பிரேயரில் பிரபலமாகி, வானொலிக்காரர்கள் கூப்பிட்டார்கள். வானொலியில் கேட்டவர்கள் முகத்தையும் பார்க்க ஆசைப்பட்டதால் தொலைக்காட்சிக்குப் போனார். அங்கே ஆறு வருடம், வாரம் ஒரு நோய். பிறகு தொழில்நுட்பக் கம்பெனி ஒன்று வந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, பதினான்கு மாதம் பேசவைத்து, அவரை மொத்தமாக சர்வரில் ஏற்றியது. அதற்கு 'நலவாக்கு' என்று பெயர் வைத்தார்கள். சனங்கள் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள்.

வதந்திக் காலம் என்று ஒன்று இருந்தது. கைப்பேசியில் வந்த யோசனையைக் கேட்டு மண்ணெண்ணெய் குடித்தவர்களும், காதில் பூண்டுச் சாறு ஊற்றியவர்களும் கொத்துக்கொத்தாய்ச் செத்த காலம். அப்போது தொலைக்காட்சியில் தோன்றி, கையெடுத்துக் கும்பிட்டு, "யார் சொன்னாலும் கேக்காதீங்க, டீச்சர் சொன்னா மட்டும் கேளுங்க" என்று கண்ணீர் விட்டவர் ஜெபராணிதான். சனங்கள் கேட்டுக்கொண்டார்கள். சட்டமன்றமும் கேட்டுக்கொண்டது. நலவாக்கைத் தவிர வேறு எந்த வாயிலிருந்தும் உடல்நல ஆலோசனை வரக்கூடாது என்று சட்டம் வந்தது. நலவாக்கு பரிந்துரை எண் கொடுத்தால்தான் ஆம்புலன்ஸ் கிளம்பும், ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். சட்டம் வந்தபின் மண்ணெண்ணெய்ச் சாவு ஒன்றுகூட இல்லை. அதனால் யாரும் குறை சொல்ல முடியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஜெபராணியின் புருஷன் தனசிங்குக்குக் காய்ச்சல் வந்து இரண்டாம் நாள். நாற்பது வருடம் மின்கம்பம் ஏறிய மனிதர். இப்போது கட்டிலிலிருந்து இறங்க ஒரு கை கேட்டார். ஜெபராணி அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி, முழங்காலின் பின்பக்கம் பார்த்தார். செம்புள்ளிகள். பாதத்தைத் தொட்டார். உடம்பு கொதிக்க, பாதம் மட்டும் குழாய்த் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்தது.

உப்புக் காய்ச்சல். கடல் ஊருக்குள் வந்தபின் கிளம்பிய புதுச் சரக்கு. இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் நரம்பில் மருந்து ஏறினால் ஆள் எழுந்து நடப்பார். மூன்றாம் நாள் ஏறினால் டாக்டருக்கு ஒரு மனநிறைவு, அவ்வளவுதான். மருத்துவ இதழில் அதைப் படித்துவிட்டு நலவாக்கின் திருத்தக் குழுவுக்கு ஜெபராணி பதினொரு மனு போட்டிருந்தார். பதினொன்றுக்கும் 'தங்கள் அக்கறைக்கு நன்றி' என்று அவருடைய குரலிலேயே பதில் வந்திருந்தது.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இன்னைக்கா?" தனசிங் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "இன்னைக்கு மறுநாளுல்லா? டீச்சர் காலைலயே சொல்லிட்டா, நல்லாத் தூங்குங்கன்னு."

"நான் சொல்லுதேன், வாங்க."

"அவ ஒண்ணு சொல்லுதா, நீ ஒண்ணு சொல்லுத. ரெண்டு பேர்ல யார் பேச்சக் கேக்க?"

"அவளும் நான்தானங்க!"

"அப்போ ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் கொஞ்சம் கண்ணசருதேன்."

சுவரிலிருந்த நலவாக்கு இதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உற்சாகமாகப் பாட ஆரம்பித்தது:

"முதல்நாள் கஞ்சி,
மறுநாள் துஞ்சி,
மூணாம்நாள் போவோம் டாக்டரைக் கெஞ்சி!"

தனசிங் வெடித்த உதட்டால் கூடவே முணுமுணுத்தார். தமிழ்நாட்டில் இந்தப் பாட்டுத் தெரியாத உயிர் கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மனப்பாடம் என்று கணக்கெடுத்து, இதற்காகவே ஜெபராணிக்கு ஒரு விருதும் கொடுத்திருந்தார்கள். விருது வாங்கிய அன்று அவர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அவர் முதலில் எழுதியது இரண்டே வரி. முதல்நாள் கஞ்சி, மறுநாள் டாக்டர். பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தில் இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, "மெட்டு இடிக்குது டீச்சர், நடுவுல ஒரு வரி போடுங்க" என்றார். அன்றைக்கே ஆண்டு விழா. பிள்ளைகள் வேஷம் கட்டி நின்றார்கள். ஜெபராணி சுவரில் சாய்ந்தபடி 'துஞ்சி' போட்டார். அப்படித்தான் ஒரு மாநிலத்துக்கே காய்ச்சலில் ஒரு நாள் கூடியது. பழைய காய்ச்சல்கள் நல்ல மனசுக்காரக் காய்ச்சல்கள். அந்த ஒரு நாளைப் பெரிதுபடுத்தாமல் விட்டுக்கொடுத்தன.

பத்து மணிக்கு ஜெபராணி நலவாக்கின் பராமரிப்பு மையத்தைக் கூப்பிட்டார். அதிசயமாக ஒரு மனுஷி எடுத்தாள்.

"வணக்கம், மீனலோசனி பேசுதேன்."

"நான் ஜெபராணிம்மா. நலவாக்குக்குக் குரல் குடுத்தவ."

"அய்யோ, டீச்சரா! ஒரு நிமிசம், குரலைச் சரிபாத்துக்கிடுதேன்..." கொஞ்ச நேரம் ஏதோ சுற்றியது. "மேடம், நாப்பத்தொரு சதவீதம்தான் பொருந்துது. அறுபதாவது வேணும்."

"வயசாயிட்டும்மா. தொண்ட முன்னப்போல இல்ல."

"கொஞ்சம் சிரிச்சிட்டே பேசிப் பாருங்களேன். அதுல நீங்க சிரிச்சிட்டேதான பேசுவீங்க?"

ஜெபராணி சிரித்துக்கொண்டே பேசினார். நாற்பத்துமூன்றுக்கு ஏறியது.

"சரி, விடுங்க மேடம், நான் உங்கள நம்புதேன். என்ன திருத்தணும்?"

"அந்த நடு வரியை எடுக்கணும். அது மருத்துவம் கிடையாது. மெட்டுக்காகப் போட்டது."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மீனலோசனி மிகவும் தயங்கிச் சொன்னாள்: "மேடம், இங்க உங்க பழைய பேட்டி ஒண்ணு இருக்கு. ஏன் மூணு நாள்னு உங்கட்டயே கேட்டிருக்காங்க. 'உடம்பு தன்னத்தானே சரிபண்ண ஒரு நாள் அவகாசம் கேக்கும், அதுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கு'ன்னு அவ்வளவு தெளிவாச் சொல்லிருக்கீங்க."

ஜெபராணிக்கு நினைவிருந்தது. நேரலை. கேள்வி கேட்டவன் சின்னப் பையன், அழகாய்ச் சட்டை போட்டிருந்தான். ஆர்மோனியம்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அது பொய்ம்மா."

"அப்போ உள்ளதச் சொன்னீங்களா, இப்போ உள்ளதச் சொல்லுதீங்களான்னு சிஸ்டத்துக்குத் தெரியாதுல்லா மேடம். அது அந்த உங்களத்தான் நம்பும். அவங்களுக்கு நம்பகப் புள்ளி தொண்ணூத்தொம்பது."

"சனங்க சாவுதாங்களே, அதுக்கப்புறமும் எப்படி தொண்ணூத்தொம்பது?"

"அவங்க சாவுறது ஆஸ்பத்திரிலல்லா மேடம்? அது ஆஸ்பத்திரி கணக்குல போவும்." அவள் குரல் தணிந்தது. "எங்க சித்தப்பாவும் போன மாசம்... மூணாம் நாள்தான் கொண்டுபோனோம். திருத்தக் குழு வியாழக்கெழம கூடுது. உங்க பேரை முதல்ல வைக்கேன். அது ஒண்ணுதான் என்னால முடியும்."

வியாழன் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

தனசிங்கிடம் வெளிக்காற்று வாங்கப் போகலாம் என்று பொய் சொன்னார் ஜெபராணி. தானியங்கி வண்டிகள் காய்ச்சல்காரரை எண் இல்லாமல் ஏற்றாது. ஆகவே மேசைக்கு முன்னால் கிடந்த, சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் அவரை உட்காரவைத்து இடுப்பைத் துண்டால் கட்டி, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் கோணிக்கொண்டது. திருப்பங்களில் தனசிங் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஊரை எல்லாப் பக்கமும் பார்த்தார். "என்னத்துக்குளா இந்தப் பாடு?" என்று அவர் கேட்டபோது, ஜெபராணி கோணிய சக்கரத்தைக் காலால் உதைத்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கதவு கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் விளக்கும், வெள்ளைக் கட்டில்களும், சும்மா நின்றுகொண்டிருந்த இரண்டு நர்சுகளும் தெரிந்தார்கள். ஒரு நர்சு இவர்களைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"வாங்க வாங்க" என்றது கதவு, ஜெபராணியின் குரலில். "இவருக்கு இன்னைக்கு மறுநாள். நாளைக் காலை ஆறரைக்கு மூணாம்நாள் ஆரம்பிக்குது. அதுவரை நல்லாத் தூங்கட்டும், என்ன?"

ஜெபராணி கதவைக் குத்தினார். கை வலித்தது. "நோவுதா? கைய நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வச்சுக்கோங்க" என்றது கதவு.

வெளிக்கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் மறுநாளில் படுத்திருந்தார்கள். அக்கறையான குடும்பங்கள் முதல் நாளே வந்து இடம் பிடித்துவிடும். ஜெபராணி அவர்கள் நடுவில் போய் நின்று, அந்தப் பாட்டு தப்பு, அதை எழுதியது தான், எல்லாரும் சேர்ந்து கதவைத் தள்ளுவோம் என்று சத்தமாகச் சொன்னார்.

"யாரு இந்தம்மா?" என்றார் பாயில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"டீச்சராம்."

"டீச்சர் கொரல் எப்படி இருக்கும், இது எப்படி இருக்கு! ஓட்டப் பானைல கல்லு போட்டாப்ல."

"எம்மா, வயசான காலத்துல வதந்தி பரப்பி உள்ள போவாதீங்க. எங்க பெரியப்பாவ மண்ணெண்ணெய்க்குப் பறிகுடுத்தவன் நான்" என்றார் பாய்க்காரர். அவர் கோபப்படவில்லை. உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

ஜெபராணி புருஷனைப் பார்த்தார். சாட்சிக்கு அவர் ஒருவராவது உண்டே. தனசிங் நாற்காலியில் சாய்ந்தபடி எல்லாரையும் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "ஒண்ணும் நெனச்சிக்கிடாதீங்க. நான் படுத்ததுல இருந்து அவளுக்கு மனசு சரியில்ல" என்றார்.

அடுத்த நாள் காலை ஆறரைக்குக் கதவு தானே திறந்தது. நர்சுகள் ஓடி வந்தார்கள். தயங்கி நின்றதற்கெல்லாம் சேர்த்து ஓடினார்கள். டாக்டர் சின்னப் பெண். தனசிங்கின் பாதத்தைத் தொட்டதும் முகம் மாறி, வேலையை ஆரம்பித்து, இரண்டரை மணி நேரம் நிமிரவே இல்லை. ஒன்பது மணிக்கு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நேத்தே உள்ள வந்திருந்தா காப்பாத்திருப்பேன்மா. நாங்களும் எழுதிக்கிட்டேதான் இருக்கோம்." நெற்றியைத் துடைத்தவள் ஜெபராணியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்க... டீச்சர்தானே? எங்க அம்மா உங்க புரோகிராம் எல்லாம் சேத்து வச்சிருக்காங்க. நான் டாக்டருக்குப் படிச்சதே உங்களப் பாத்துத்தான்."

ஜெபராணி அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

தனசிங்கின் செருப்பை எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது கொட்டகையில் புது ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலோரம் ஒரு பெண் எட்டு வயது மகளை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பாவாடை ஒதுங்கி முழங்காலின் பின்பக்கம் தெரிந்தது. ஜெபராணி குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தன நாளும்மா?"

"மறுநாள்தான் ஆச்சி. நாளைக்குத் திறந்துரும்."

"நாளை வரைக்கும் பொறுக்காதம்மா. கல்லை எடுத்து அந்தக் கதவை உடை. போலீஸ் வந்தா நான் உடச்சேன்னு சொல்லு. நான் டீச்சர் சொல்லுதேன், இப்பவே உள்ள கொண்டுபோ."

பிள்ளை கண்ணைத் திறந்து ஜெபராணியைப் பார்த்தது. அம்மாக்காரி, வதந்தி காதில் விழுந்தால் செய்ய வேண்டியதென்று சின்ன வயதிலேயே வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, விசிறியைக் கீழே போட்டுவிட்டு, மகளின் இரண்டு காதுகளையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.