டிப்போவில் ஒரு கரண்டித் தேன்

"என் வேலையே போகப்போகுதுங்க," என்று பஸ் ஓட்டுநர் ஒரு கடிதத்தை நீட்டினார். சிறுநீர்ப் பரிசோதனையில் அபின் வகை மருந்து தெரிந்ததாம். வண்டிச் சாவியை அவரிடமிருந்து பறித்து ஒரு வாரமாகிறது. இன்று நாலு மணிக்குள் விளக்கம் தராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற கம்பவுண்டர் நிதானமாகப் படித்தார். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துத் தேறியவருக்கு வேறெதுவும் பெரிய புதிராகத் தெரிவதில்லை.

"என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டேன். டீக்குச் சர்க்கரையே கூடாதுன்னு வீட்ல உத்தரவு. தேன்தான்."

"யாரோ சதி பண்ணிட்டாங்க, அத்தான்," என்றான் கம்பவுண்டரின் மச்சினன். எந்த வழக்கிலும் அவனுக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

மூவரும் டிப்போவுக்குப் போனார்கள். 'எந்த மருந்து சாப்பிட்டாலும் டாக்டர் சீட்டுடன் பதிய வேண்டும்' என்று மேனேஜரின் கதவில் ஒட்டியிருந்தது. உள்ளே, மேசையில் பேனாக்களுக்கு நடுவே ஒரு கரண்டி நின்றது.

"மூணு வாரமா இருமல். நேத்துதான் நின்னுச்சு. பேச வைக்காம சீக்கிரம் முடிங்க," என்றார் மேனேஜர்.

டீ அறையில் கம்பவுண்டர் தேன் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். தேன் தண்ணீராக ஓடியது.

"காலியா கிடந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடி யாரோ நிரப்பியிருந்தாங்க," என்றார் ஓட்டுநர். "லேசாக் கசக்கும். ஆபீஸ்ல வாங்குற தேன் அப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

தடயத்தைச் சோதிப்பதாகச் சொல்லி, தடுப்பதற்குள் மச்சினன் இரண்டு கரண்டி விழுங்கிவிட்டான்.

நாலு மணிக்குக் கம்பவுண்டர் பாட்டிலை மேனேஜரின் மேசையில் வைத்தார்.

"தேன் இப்படி ஓடாது சார், இருமல் மருந்து ஓடும். சிலதுல அபின் வகை சேர்ப்பாங்க. மேசையில டீ கப் இல்ல, கரண்டி மட்டும் எதுக்கு? சட்டம் போட்ட நீங்களே மருந்தைப் பதியல. மருந்து பாட்டில் யார் கண்ணுலயாவது பட்டா மானம் போகும்னு டீ அறையில இருந்த காலித் தேன் பாட்டில்ல ஊத்தி வெச்சீங்க. இங்க சர்க்கரைக்குப் பதிலா தேன் போடுற ஒரே ஆள் இவர்."

"என்ன ஆதாரம்?" மேனேஜருக்கு வியர்த்தது.

கம்பவுண்டர் மூலையைக் காட்டினார். நாற்காலியில் மச்சினன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அவனைப் பரிசோதிக்கலாம். கூடவே உங்களையும்."

மேனேஜர் மருந்துப் பதிவேட்டை இழுத்து, முதல் வரியில் தன் பெயரை எழுதினார். பிறகு கடிதத்தைக் கிழித்துவிட்டு, சாவியை நீட்டினார். ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று அவருடைய பஸ்ஸில் முதலில் ஏறிய பயணி மச்சினன்தான். நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள்.