சாயந்தரம் மாற்ற வேண்டிய பெட்ரோல்

சின்னச்சாமி வந்தபோது உச்சி வெயில். ஏழாயிரம்பண்ணையில் கரண்ட் போய் வீடெல்லாம் புழுங்கிக்கொண்டிருந்தது. அவன் அண்ணன் வெள்ளைத்துரை பட்டாசு ஆலை விபத்தில் போய் இரண்டு வருசம். அன்றோடு நின்றுபோன மொபெட்டைக் கிளப்பிக் கொடுத்தால் மகள் ரோஜா சாத்தூருக்கு வேலைக்குப் போவாள் என்று தங்கத்தாய்தான் கொழுந்தனை வரச் சொல்லியிருந்தாள்.

ஆட்டுக்கொட்டகை நிழலில் இருந்த தகரக் கேனைப் பார்த்து அவன் சிரித்தான்.

"இதையுமா பத்திரம் பண்ணி வச்சிருக்கீக, மதினி? ரெண்டு வருச பெட்ரோல் பிசினால்ல போயிருக்கும்."

அவளுக்குத் தெரியாததா? வெள்ளைத்துரை ஆலையில் வெடிமருந்து கலக்குகிறவர். சூடு என்ன செய்யும் என்று அறிந்தவர். பங்க் திறக்குமுன் கிளம்ப வேண்டும் என்பதால் ஒரு கேன் எப்போதும் இருக்கும். அடுப்புப் பக்கமே கொண்டுவர மாட்டார். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, மூடியை இறுக்கி, டேப்பில் தேதி எழுதி ஒட்டுவார். மூணு மாசமானால் பழசை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதுசு பிடிப்பார். அவள் கேனில் கைவைத்தால் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல விலக்குவார். அவர் விரல்களில் அலுமினியப் பவுடர் எந்நேரமும் வெள்ளியாய் மின்னும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கடைசி நாள் காலையில் மூணு மாசம் முடிந்திருந்தது. நான் மாற்றவா என்று கேட்டாள்.

"நீ தொடாத புள்ள. சாயந்தரம் வந்து நானே மாத்திருதேன்."

சாயந்தரம் வந்தது ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்க்க விடவில்லை.

அதன்பிறகு அந்தக் கேனை அவள் தொட்டதேயில்லை.

சின்னச்சாமி மூடியைத் திருகினான். அவன் சிரிப்பு நின்றது.

புளித்த வாடை இல்லை. இப்போதுதான் பங்கில் பிடித்தது போல் நெடி மூக்கில் ஏறியது.

டேப்பில் போன வாரத்துத் தேதி. சாய்ந்த எழுத்து.

"அண்ணன் கையெழுத்துல்ல, மதினி?"

மூடியில் வெள்ளி விரல்தடம் ஒன்று. அதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்ன வேலைக்கு இன்னும் வந்துக்கிட்டிருக்காக. எம்புட்டு நாளுக்கு அலைவாக, பாவம். பூராத்தையும் வண்டில ஊத்திரு தம்பி."

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. ஓட்டிப் பார்க்கப் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கேனைக் கழுவிக் கல்லின்மேல் கவிழ்த்தாள்.

"நானே மாத்திட்டேன். நீங்க உறங்குங்க."

சாயந்தரம் ஆலை வேன் தெருமுனையில் நின்றது. பெண்கள் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். வேனும் போனது.

ஒரு காலடிச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

கொட்டகையில் படுத்திருந்த ஆடுகள் ஒன்றாய் எழுந்து நின்றன.

களக்... களக்...

பிறகு, மூடி இறுகும் சத்தம்.

அவள் விளக்கு ஏற்றவில்லை. பெட்ரோல் பக்கம் தீ ஆகாது. இருட்டிலேயே போய்த் தடவினாள். கேன் நிமிர்ந்திருந்தது, கனத்தது. மூடியைத் திருகக் கைநீட்டினாள்.

மணிக்கட்டை யாரோ பிடித்து மெல்ல விலக்கினார்கள்.

ராத்திரி கை கழுவ ரோஜா தண்ணீர் கொண்டுவந்தாள். தங்கத்தாய் இடக்கையை மட்டும் நீட்டினாள். மடியில் ஒளித்த வலது மணிக்கட்டில் நான்கு விரல் தடம், வெள்ளியாய்.